பூட்டிய கதவுக்கு வெளியே படித்தவர்கள்

கடந்த மாதம் எங்கள் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் எடுத்துக்கொண்ட தலைப்பு, 'பள்ளிப் படிப்பா, சுயக் கல்வியா?' என்பது. அரங்கில் நான்கு பேர் இருந்தார்கள். பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், கல்லூரி விரிவுரையாளர் ஒருவர், கணினித் தொழிலைத் தானாகவே கற்றுக்கொண்டு நன்றாகச் சம்பாதிக்கும் இளைஞர் ஒருவர், மகளை வீட்டில் வைத்தே படிக்க வைக்கும் தாய் ஒருவர். நடுவில் அமர்ந்து கேள்வி கேட்பவள் எந்தப் பக்கமும் சாயக்கூடாது என்பது எங்கள் தொழிலின் விதி. நானும் சாயவில்லை. ஒரு மணி நேரம் சூடும் சுவையுமாகப் போனது. நிகழ்ச்சி முடிந்ததும் தயாரிப்பாளர் கைகொடுத்துப் பாராட்டினார்.

மறுநாள் காலையில் பெரிய அத்தை தொலைபேசியில் அழைத்தார். என் அப்பாவின் மூத்த அக்காள். வயது எழுபதை எட்டப் போகிறது. "ஏம்மா, நாலு பேரையும் நல்லாத்தான் கேட்ட. பள்ளிக்கூடம் வேணுமா, வேணாமான்னு. போக விடாம நிப்பாட்டினவங்கள ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலையே" என்றார். எனக்கு உடனே பதில் வரவில்லை. அரங்கில் இருந்த நால்வருமே பள்ளிக்குப் போய் வந்தவர்கள். பள்ளி வேண்டாம் என்று சொன்னவர்களும் அப்படித்தான். திரையில் விட்டுப்போனதை இந்தப் பக்கத்தில் சொல்லிப் பார்க்கிறேன். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கொட்டகை

இந்த நாட்டில் தமிழ்க் கல்வியின் தொடக்கம் 1816 என்று சொல்வது வழக்கம். பினாங்கு ஃப்ரீ ஸ்கூலை நிறுவிய ஹட்சிங்ஸ் பாதிரியார் அங்கே ஒரு தமிழ் வகுப்பையும் தொடங்கி வைத்தார். அது சில ஆண்டுகளில் நின்றுபோனது. என்றாலும் அந்தக் கணக்கை வைத்துத்தான் 2016இல் தமிழ்க் கல்விக்கு 200 ஆண்டு நிறைவைக் கொண்டாடினோம். கொண்டாடியதில் தவறில்லை. ஆனால் நம் மக்களில் பெரும்பாலோர் கண்ட பள்ளி பினாங்கில் இல்லை. அது ரப்பர்த் தோட்டத்தில், லயத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

1923இல் வந்த தொழிலாளர் சட்டம் ஒன்று தோட்ட முதலாளிகளுக்கு ஒரு கடமையை விதித்தது. 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் ஒரு தோட்டத்தில் இருந்தால் அங்கே பள்ளிக்கூடம் வைத்தாக வேண்டும். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பள்ளி எப்படி இருக்க வேண்டும், யார் கற்பிக்க வேண்டும் என்பதில் யாரும் பெரிதாக அக்கறை காட்டவில்லை. பல தோட்டங்களில் கோயில் மண்டபமே பள்ளி. சில இடங்களில் ஆயாக்கொட்டகையின் ஒரு பக்கம் பள்ளி, மறு பக்கம் தொட்டில். எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ, கிராணியோ, ஏன், ஒரு பால்வெட்டுத் தொழிலாளியோ கூட ஆசிரியராக நின்றிருக்கிறார். காலையில் மரம் வெட்டிவிட்டு மதியம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவர்கள் உண்டு. பாடப் புத்தகங்கள் தமிழகத்திலிருந்து வந்தன. காவிரியையும் கங்கையையும் படித்த பிள்ளைகளுக்குப் பக்கத்து ஆற்றின் பெயர் புத்தகத்தில் இல்லை.

முதலாளிகள் ஏன் இதற்காவது ஒப்புக்கொண்டார்கள்? பள்ளி இருக்கிறது என்றால் குடும்பத்தோடு கூலிகள் வருவார்கள், வந்தவர்கள் நிலைப்பார்கள். அவ்வளவுதான் கணக்கு. அந்தப் பிள்ளை நான்கு வகுப்பு படித்துவிட்டுத் தோட்டத்தை விட்டு வெளியே போக வேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை. இதைச் சொல்லும்போது அந்த ஆசிரியர்களைக் குறைத்துப் பேசுவதாக எண்ண வேண்டாம். பயிற்சியும் இல்லாமல், நல்ல சம்பளமும் இல்லாமல் அவர்கள் கற்றுக்கொடுத்த 'அ'னா 'ஆ'வன்னாவில்தான் அடுத்து நான் சொல்லப் போகிற கதை முழுவதும் நிற்கிறது.

ஒருநாள் பிந்தி வந்த பத்திரிகை

என் தாத்தா அப்படிப்பட்ட ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். 1942இல் ஜப்பான்காரன் வந்தான். அந்தத் தோட்டத்துப் பள்ளி மூடப்பட்டது. அவருடைய அப்பாவைச் சயாம் ரயில் போடக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் நீளத்துக்குக் காட்டை வெட்டிப் போட்ட அந்தத் தண்டவாளத்தில் மாண்ட மலாயாத் தமிழர்களில் அவரும் ஒருவர். திரும்பி வரவில்லை. 1945இல் போர் முடிந்தபோது தாத்தாவுக்குப் பதினைந்து வயது. கையில் உளி இருந்தது. மறுபடியும் பள்ளிக்குப் போகிற பேச்சே இல்லை.

அவர் உண்மையில் படிக்கக் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான். கிராணி வீட்டில் படித்து முடித்த பத்திரிகை ஒருநாள் பிந்தி முடிதிருத்தும் கடைக்கு வரும். மாலையில் அங்கே ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். எழுத்துத் தெரிந்தவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். முதலில் கேட்கப் போன தாத்தா, இரண்டு ஆண்டுகளில் படித்துக் காட்டுகிறவராக மாறிவிட்டார். தெரியாத சொல் வந்தால் தாண்டிப் போக மாட்டாராம். அந்த வரியையே மூன்று தடவை படிப்பாராம். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் எரிச்சலாகி எழுந்து போவதும் உண்டாம்.

அந்தக் காலத்துப் பத்திரிகை என்பது செய்தி சொல்லும் காகிதம் மட்டுமாக இருக்கவில்லை. 1924இல் கோலாலம்பூரில் தொடங்கிய 'தமிழ் நேசன்', 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' ஆகிய இரண்டும், பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்கு மீதிப் பள்ளியாக இருந்தன. 1950 வாக்கில் 'தமிழ் நேசன்' ஒரு காரியம் செய்தது. சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் ஆகிய இருவரும் பத்திரிகையிலேயே 'கதை வகுப்பு' நடத்தினார்கள். சிறுகதை எப்படி எழுதுவது என்று பத்திரிகையில் பாடம், வாசகர் எழுதி அனுப்ப வேண்டிய பயிற்சி, எழுதியவர்களைத் தரம் பார்த்துத் தேர்ந்தெடுத்தல் என எல்லாமே உண்டு. பெயரைப் பாருங்கள், வகுப்பு! பள்ளிக்கு வெளியே இருந்தவர்கள் தங்களுக்கென்று ஒன்றை உருவாக்கியபோது அதற்குப் பள்ளியின் பெயரைத்தான் வைத்தார்கள். மலேசியத் தமிழ்ச் சிறுகதையின் வரலாற்றை எழுதுபவர் எவரும் அந்த வகுப்பைத் தாண்டிப் போக முடியாது.

தாத்தா கதை எழுதியவரில்லை. ஆனால் பத்திரிகைப் பாடங்களைக் கத்தரித்து பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். 'தமிழ் முரசு' 1950களின் தொடக்கத்தில் மாணவர்களுக்கென்றே 'மாணவர் மணிமன்ற மலர்' வெளியிட்டது. அந்த மணிமன்றம்தான் பிறகு ஊர் ஊராக இளைஞர் இயக்கமாகப் பரவியது. பேச்சுப் போட்டி, நாடகம், கையெழுத்து ஏடு என்று மாலை நேரங்களை நிரப்பியது. இன்று மேடையில் நன்றாகப் பேசும் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பலருக்கும் முதல் மேடை மணிமன்றத்து மேடையாகத்தான் இருக்கும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கருத்தரங்கில் அந்தக் கணினி இளைஞர், "நான் தனியாகவே கற்றேன், எனக்கு எவரும் கற்றுத் தரவில்லை" என்றார். அவரை நான் மதிக்கிறேன். ஆனால் என் தாத்தாவின் கதையில் 'தனியாக' என்ற சொல்லுக்கு இடமே இல்லை. பத்திரிகையை வரவழைத்த கிராணி, இடம் கொடுத்த முடிதிருத்துநர், கேட்க உட்கார்ந்த ஏழெட்டுப் பேர், எங்கோ கோலாலம்பூரில் பாடம் எழுதிய இரண்டு நாராயணன்கள் என்று இத்தனை பேர் சேர்ந்துதான் அந்தச் 'சுயக் கல்வி'. இளைஞருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். இணையத்தில் யாரோ எழுதி வைத்த பாடத்தைத்தானே அவரும் படித்தார்? நிகழ்ச்சியில் இதைக் கேட்காமல் விட்டது என் குறை.

ஒரு வெள்ளி

படிக்காதவர்கள் படிப்பை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு ஒரு சான்று இருக்கிறது. 1949இல் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் தோன்றியது. சில ஆண்டுகளில் அங்கே இந்திய இயல் துறை அமைக்கும் பேச்சு எழுந்தது. எந்த மொழிக்கு முதலிடம் என்பதில் பெரிய சர்ச்சை. வரலாற்று அறிஞர் நீலகண்ட சாஸ்திரியாரிடம் ஆலோசனை கேட்கப்பட்டது. அவருடைய பரிந்துரை சமஸ்கிருதத்தின் பக்கம் சாய்ந்தது. சாரங்கபாணி 'தமிழ் முரசு' வழியாகக் களத்தில் இறங்கினார். இந்த நாட்டு இந்தியர்களில் ஆகப் பெரும்பாலோர் பேசுவது தமிழ், ஆகவே துறையில் தமிழே இருக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற முழக்கத்தோடு நிதி திரட்டும் இயக்கமும் தொடங்கியது.

அந்த நிதிக்குப் பணம் கொடுத்தவர்கள் வணிகர்கள் மட்டும் இல்லை. துறைமுகத் தொழிலாளிகளும் தோட்டத் தொழிலாளிகளும் கொடுத்தார்கள். தங்கள் பிள்ளைகள் அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலை மிதிப்பார்கள் என்ற நம்பிக்கை அவர்களில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? ஆனாலும் கொடுத்தார்கள். 1956இல் இந்திய இயல் துறை தமிழுக்கு முதன்மை தந்து தொடங்கியது. பின்னர் அது கோலாலம்பூர் வளாகத்துக்கு இடம் மாறியது. 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியபோது அந்தத் துறையின் தலைவராக இருந்தவர் தனிநாயகம் அடிகளார்.

எங்கள் தாத்தா அந்த நிதிக்கு ஒரு வெள்ளி கொடுத்தார். பாட்டி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். "அரிசிக்கு இல்லாத வீட்டுல யுனிவர்சிட்டிக்கு என்ன தர்மம்?" என்று கேட்டிருக்கிறார். இந்தக் கதையை எங்கள் வீட்டில் எல்லாரும் பெருமையாகச் சொல்வோம். நானும் மேடைகளில் இரண்டு தடவை சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

அத்தை மட்டும் அந்தக் கதையைச் சொல்ல மாட்டார். ஏன் என்று எனக்கு இந்த மாதம்தான் தெரிந்தது.

பதினான்கு மைல்

அத்தை 1956இல் பிறந்தவர், இந்திய இயல் துறை தொடங்கிய அதே ஆண்டு. அவர் பள்ளிக்குப் போன காலத்தில் நிலைமை முன்போல இல்லை. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வந்துவிட்டது. 1962 முதல் தொடக்கப் பள்ளிக்குக் கட்டணம் கிடையாது. அதுவரை ஆறாம் வகுப்போடு தேர்வு வைத்துப் பெரும்பாலோரை வெளியே அனுப்பிவிடுவார்கள். 1965 முதல் அந்தத் தடையும் நீங்கியது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருந்துவிட்டு இடைநிலைப் பள்ளிக்குப் போகலாம். எங்கள் அப்பா தலைமுறை 'ரிமூவ் கிளாஸ்' என்று சொல்லுமே, அதுதான். சட்டப்படி கதவு திறந்தாயிற்று.

ஆனால் அந்தக் கதவு பட்டணத்தில் இருந்தது. தோட்டத்திலிருந்து பதினான்கு மைல். விடிவதற்கு முன் செம்மண் சாலையில் நடந்து போய் பஸ் பிடிக்க வேண்டும். சட்டத்தில் கட்டணம் இல்லை என்று எழுதியிருந்தாலும் பஸ்காரர் டிக்கெட் கேட்பார். சீருடை வேண்டும், சப்பாத்து வேண்டும். வீட்டில் அத்தைக்குப் பின்னால் நான்கு பேர். கடைசித் தம்பி கைக்குழந்தை. அந்தக் கைக்குழந்தைதான் என் அப்பா.

1968 முடிவில் அத்தை ஆறாம் வகுப்பு முடித்தார். வகுப்பில் இரண்டாவதாக வந்தவர். ஆசிரியர் வீடு தேடி வந்து தாத்தாவிடம் பேசியிருக்கிறார். பிள்ளையை நிறுத்திவிடாதீர்கள் என்று கெஞ்சாத குறை. தாத்தா சொன்ன பதிலை அத்தை இன்றும் சொல் பிசகாமல் சொல்கிறார்: "நான் எந்தப் பள்ளிக்கூடம் போய்ப் படிச்சேன், சார்? வீட்டுல பேப்பர் வருது. அவ படிச்சுக்குவா."

எனக்கு இதைக் கேட்டபோது உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பல்கலைக்கழகத்துக்கு ஒரு வெள்ளி கொடுத்தவரும் இதைச் சொன்னவரும் ஒரே மனிதர். அவர் கெட்டவரில்லை. வறுமை இருந்தது, பெண்பிள்ளையைப் பட்டணத்துக்கு அனுப்பப் பயமும் இருந்தது. ஆனால் அவர் வாயிலிருந்து வந்த காரணம் வறுமையும் இல்லை, பயமும் இல்லை. தான் பட்ட பாட்டையே பெருமையாக மாற்றி, அந்தப் பெருமையை மகளுக்குப் பூட்டாகப் போட்டுவிட்டார். சுயக் கல்வியைப் போற்றுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்கிறேன். தானாகப் படித்தவரைப் பாராட்டலாம். அந்தப் பாராட்டையே காரணமாக்கி இன்னொருவர் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தக்கூடாது.

அத்தை படிக்கத்தான் செய்தார். காலையில் அம்மாவோடு மரத்துக்குப் போய் மங்கு துடைப்பார், பால் சேர்ப்பார். மாலையில் தாத்தாவுக்குக் கண் மங்கத் தொடங்கிய பிறகு பத்திரிகை படித்துக் காட்டியவர் அவர்தான். மருத்துவமனைச் சீட்டையும் கடைப் பலகையையும் பார்த்துப் பார்த்து மலாய் படிக்கக் கற்றுக்கொண்டார். வானொலியின் தமிழ் நிகழ்ச்சிகளைக் கேட்டே உச்சரிப்பைத் திருத்திக்கொண்டார். என் 'ழ'கரம் அவர் போட்ட பிச்சை. எங்கள் தொழிலில் என்னைப் பாராட்டுகிறவர்களிடம் நான் இதைச் சொல்லியே விடுவது வழக்கம்.

1980களில் தோட்டத்துக்கு வெளியே ஒரு பாலர் பள்ளியில் உதவியாளர் வேலை காலியாக இருந்தது. அத்தை போய்க் கேட்டார். நேர்முகத்தில் ஒரு பக்கம் மலாயும் ஒரு பக்கம் தமிழும் படிக்கச் சொன்னார்களாம். தடங்கல் இல்லாமல் படித்தார். பிறகு மூன்றாம் படிவச் சான்றிதழ் கேட்டார்கள். இல்லை என்றார். அந்த வேலை அவரைவிடத் தமிழ் குறைவாகத் தெரிந்த, ஆனால் சான்றிதழ் வைத்திருந்த ஒரு பெண்ணுக்குப் போனது. அத்தை மறுபடி மரத்துக்கே போனார்.

அவருடைய சம்பளத்தில்தான் என் அப்பா அதே பதினான்கு மைல் பஸ்ஸில் போய் ஐந்தாம் படிவம் முடித்தார். அப்பா முடித்ததால் நான் கல்லூரிக்குப் போய் மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா வாங்கினேன். அந்த டிப்ளோமாவில் கற்றது எவ்வளவு என்று கேட்டால், உண்மையைச் சொல்கிறேன், கேமராவுக்கு முன் நிற்கக் கற்றது வேலையில் சேர்ந்த பிறகுதான். ஆனால் அந்தத் தாள் இல்லாமல் என்னை நிலையத்தின் வாசலுக்குள் விட்டிருக்க மாட்டார்கள். அத்தைக்குக் கிடைக்காமல் போனது அந்தத் தாள்தான். அறிவு அவரிடம் என்னைவிட அதிகம்.

இரண்டு கரையிலும்

கடலுக்கு அந்தப் பக்கம் கதை வேறு விதமாகப் போனது. சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி, பின்னர் உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்தது. தமிழ்வழிப் பள்ளிகளில் கடைசியாக நின்றதும் அதுதான். பெற்றோர் ஆங்கிலப் பள்ளிகளை நாடினார்கள், பிள்ளைகள் எண்ணிக்கை சுருங்கியது, 1982இல் பள்ளி மூடியது. மலேசியாவில் விடுதலை பெற்ற காலத்தில் 800க்கு மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 520 சொச்சம். தோட்டங்கள் துண்டாடப்பட்டதும் மூடப்பட்டதும் இதற்கு முக்கியக் காரணங்கள்.

சமுதாயத்தின் கவலையும் இடம் மாறியது. பத்திரிகையும் மணிமன்றமும் இருந்த இடத்தில் கூடுதல் வகுப்புகள் வந்தன. இங்கே 1982இல் ஸ்ரீ முருகன் நிலையம் தோன்றியது. அங்கே 1991இல் சிண்டா தோன்றியது. இரண்டும் தேர்வில் தேறவைப்பதையே பெரிய வேலையாக எடுத்துக்கொண்டன. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அத்தையிடம் மூன்றாம் படிவச் சான்றிதழ் கேட்டவர்கள் இருக்கும் வரை அது தேவையான வேலைதான். 2003இல் இரண்டு நாடுகளுமே தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கின. மலேசியாவில் பிள்ளையைச் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். வீட்டில் வைத்துப் படிக்க வைக்க விரும்புகிறவர்கள் இரண்டு நாடுகளிலுமே கல்வி அமைச்சிடம் அனுமதி பெற வேண்டும். எங்கள் அரங்குக்கு வந்த தாய் அதற்காக நிரப்பிய படிவங்களைப் பற்றிச் சலித்துக்கொண்டார். அந்தச் சலிப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் தாத்தாவின் பதிலைக் கேட்ட பிறகு, யாராவது ஒருவர் வந்து 'உங்கள் பிள்ளை எங்கே படிக்கிறாள்?' என்று வீட்டு வாசலில் கேட்கத்தான் வேண்டும் என்று தோன்றுகிறது. 1968இல் அப்படிக் கேட்க ஓர் ஆசிரியர் மட்டும் வந்தார். அவருக்குக் கையில் சட்டம் இல்லை.

கதவு எல்லாருக்கும் திறந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. பிறப்புப் பத்திரம் சரியாக இல்லாததால் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய குடும்பங்களை எங்கள் நிகழ்ச்சிக்காகவே சந்தித்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளிடம் போய்ச் சுயக் கல்வியின் சிறப்பைப் பேச எனக்கு வாய் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தையைப் பார்க்கப் போனேன். மேசை மேல் தடித்த கணக்குப் புத்தகம் ஒன்று இருந்தது. திறந்து பார்த்தால், எங்கள் நிகழ்ச்சியில் விருந்தினர்கள் சொன்ன புத்தகங்களின் பெயர்கள் வரிசையாக, தேதி போட்டு எழுதியிருக்கின்றன. பல வரிகள் பாதியில் நின்றன. "என்ன அத்தை, முடிக்காம விட்டிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"நீங்க திரையில போடுற எழுத்து சட்டுனு போயிருது. எழுதி முடிக்கிறதுக்குள்ள வேற படம் வந்துருது. இன்னும் கொஞ்ச நேரம் நிப்பாட்டச் சொல்லேன் அவங்கள."

திங்கட்கிழமை படத்தொகுப்பாளரிடம் சொன்னேன். ஐந்து விநாடியைப் பன்னிரண்டாக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்.